பாக்பஜாருக்கு வந்த டீச்சர்

அயர்லாந்தில் பிறந்து கல்கத்தாவுக்கு வேலைக்கு வந்தவர், வடகல்கத்தாவின் ஒரு சந்தில் தன் வழியைக் கண்டுபிடித்தார். அவருக்குக் கதவு திறந்துவிட்டது அந்தத் தெருவில் இருந்த ஒரு பெண்.

சென்னை விமான நிலையத்தின் வெளிநாட்டுப் புறப்பாடு வாசலில் ஒரு ராத்திரி நின்று பாருங்கள். எடைக்கு மேல் போய்விடுமோ என்ற பயத்தோடு கட்டிய பெரிய பெட்டி, அதற்குள் பருப்புப் பொடியும் புளிக்காய்ச்சலும். அழுகையை அடக்கிக்கொண்டு நிற்கும் அம்மா. ‘இறங்கின உடனே போன் பண்ணு’ என்று பத்தாவது தடவையாகச் சொல்லும் அப்பா. பெண் நர்சிங் படித்தவள், டப்ளினில் வேலை. இன்று அயர்லாந்து மருத்துவமனைகளில் நம் நாட்டு நர்சுகள் ஏராளம்.

அதே பாதையில் ஓர் அயர்லாந்துப் பெண் எதிர்த்திசையில் வந்தார். 1898 ஜனவரி 28 அன்று ‘மொம்பாசா’ என்ற கப்பல் கல்கத்தாத் துறையில் வந்து நின்றது. அதிலிருந்து இறங்கியவர்களில் ஒருவர் மார்கரெட் எலிசபெத் நோபிள். வயது 30. தொழில், பள்ளி ஆசிரியை. வந்த வேலை, பெண் குழந்தைகளுக்கு ஒரு பள்ளி தொடங்குவது. சம்பளம் பற்றி யாரும் பேசியிருக்கவில்லை. திரும்பிப் போகும் தேதியும் குறித்திருக்கவில்லை.

நாம் அவரை சகோதரி நிவேதிதா என்று அறிவோம். பாரதியார் குருவாக ஏற்ற அம்மையார் என்ற அளவில் பள்ளிப் பாடத்தில் படித்து மதிப்பெண் வாங்கிவிட்டு நகர்ந்துவிட்டோம். அந்தப் படத்தைச் சுவரிலிருந்து இறக்கி, வேலைக்காகக் கடல் கடந்து வந்த ஓர் இளம்பெண்ணின் கதையாகப் பார்த்தால் என்ன?

வராதே என்பதுபோல ஒரு கடிதம்

மார்கரெட் பிறந்தது 1867 அக்டோபர் 28-இல், வட அயர்லாந்தின் டங்கனன் என்ற சிற்றூரில். அப்பா கிறிஸ்துவப் போதகர். மகளுக்குப் பத்து வயதானபோதே அவர் இறந்துவிட்டார். அம்மா வழித் தாத்தா அயர்லாந்தின் சுயாட்சிக்காகக் குரல் கொடுத்தவர். வீட்டில் வசதி கிடையாது. ஹாலிஃபாக்ஸ் நகரில் படிப்பை முடித்த கையோடு, 17 வயதில் கெஸ்விக் என்ற ஊரில் ஆசிரியை வேலையில் சேர்ந்தார். அடுத்து ரெக்ஸ்ஹாம் என்ற சுரங்கத் தொழிலாளர் ஊர், அதன்பின் செஸ்டர், கடைசியில் லண்டனை ஒட்டிய விம்பிள்டன். வேலை எங்கோ அங்கே வீடு.

குழந்தைக்குப் பாடத்தைத் திணிக்கக் கூடாது, விளையாட்டிலும் கைவேலையிலும் அதன் ஆர்வத்தைத் தூண்ட வேண்டும் என்று சொன்ன பெஸ்டலோசி, ஃப்ரோபெல் ஆகியோரின் முறை அவரைப் பிடித்துக்கொண்டது. 1895-இல் விம்பிள்டனில் ‘ரஸ்கின் பள்ளி’ என்று சொந்தமாகவே ஒன்றைத் தொடங்கினார். இருபத்தேழு, இருபத்தெட்டு வயதில் சொந்தப் பள்ளி, லண்டன் அறிவாளிகள் வட்டத்தில் நல்ல பெயர். நம் வீட்டுப் பெரியவர்களாக இருந்தால், ‘பொண்ணு செட்டில் ஆயிடுச்சு’ என்று சொல்லியிருப்பார்கள்.

அந்த 1895 நவம்பரில்தான் லண்டனில் ஒரு சீமாட்டியின் வரவேற்பறையில் விவேகானந்தரின் பேச்சைக் கேட்டார். கேட்டதும் மயங்கிவிடவில்லை. ‘இதில் புதிதாக ஒன்றும் இல்லையே’ என்பதுதான் அன்று அங்கிருந்தவர்களின் கருத்து, அவருடையதும். வீட்டுக்குப் போய் யோசித்துப் பார்த்த பிறகுதான், அவ்வளவு எளிதாகத் தள்ளிவிட முடியாது என்று தோன்றியது. மறுபடி போனார், கேள்வி கேட்டார், வாதாடினார். இந்தியப் பெண்களின் கல்விக்குத் தன்னிடம் ஒரு திட்டம் இருக்கிறது, அதற்கு மார்கரெட் உதவ முடியும் என்று விவேகானந்தர் சொன்னபோது, விதை விழுந்துவிட்டது.

இந்தியாவுக்கு வருகிறேன் என்று அவர் எழுதியதற்கு 1897 ஜூலை 29-இல் அல்மோராவிலிருந்து விவேகானந்தர் எழுதிய பதிலை, வெளிநாட்டுக்கு ஆள் எடுக்கும் ஏஜெண்டுகள் ஒருமுறை படிக்க வேண்டும். இங்கே உள்ள வறுமை, மூடநம்பிக்கை, அடிமைத்தனம் எதையும் நீ கற்பனை செய்யவே முடியாது என்கிறார். சாதியும் தீட்டும் உன்னை ஒதுக்கும், வெள்ளைக்காரர்கள் உன்னைப் பைத்தியம் என்பார்கள், எங்கள் குளிர்காலமே உங்கள் ஊர்க் கோடை, நகரத்தை விட்டு நகர்ந்தால் உனக்குப் பழகிய ஒரு வசதியும் கிடைக்காது என்று அடுக்குகிறார். இத்தனைக்கும் துணிந்தால் வா. நீ இந்தியாவுக்காக உழைத்தாலும் உழைக்காவிட்டாலும் சாகும்வரை உன் பக்கம் நிற்பேன் என்றும் வாக்குக் கொடுக்கிறார். கூடவே ஓர் எச்சரிக்கை: யார் சிறகுக்கடியிலும் ஒண்டாதே, உன் காலில் நில்.

குரு சொன்ன அந்தக் கடைசி வார்த்தையைச் சிஷ்யை எவ்வளவு தூரம் எடுத்துக்கொண்டுபோனார் என்பதுதான் மிச்சக் கதை.

பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்ட அம்மா

வந்து இறங்கியதும் வங்காளி மொழிப் பாடம் தொடங்கிவிட்டது. மார்ச் 11-இல் ஸ்டார் தியேட்டரில் முதல் மேடைப் பேச்சு. ஆனால் உண்மையான பரீட்சை அங்கே இல்லை. மேடையில் கைதட்டுவது ஒன்று, வீட்டுக்குள் விடுவது வேறு. அந்தக் காலத்து வங்காளத்து இந்து வீட்டில் வெள்ளைக்காரி தொட்ட தண்ணீர் தீட்டு. அந்தப்புரத்துக்குள் போக முடியாதவர் அங்கிருக்கும் பெண் குழந்தைகளுக்குப் பள்ளி நடத்துவது எப்படி?

மார்ச் 17-இல், வேறு இரண்டு மேல்நாட்டுப் பெண்களோடு அவர் சாரதாதேவியைப் பார்க்கப் போனார். ராமகிருஷ்ணரின் மனைவியான சாரதாதேவி, ஜெயராம்பாடி என்ற கிராமத்துப் பிராமணக் குடும்பத்தில் பிறந்தவர். அப்போது அவருக்கு 44 வயது, கணவரை இழந்தவர். பள்ளிப் படிப்பு இல்லை, ஆங்கிலம் ஒரு சொல் தெரியாது. வந்தவர்களுக்கு வங்காளி அரைகுறை.

சாரதாதேவி அவர்களைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவர்களோடு சேர்ந்து சாப்பிட்டார்.

இன்று படிக்க இதில் ஒன்றுமே இல்லை. ஆசாரம் தவறினால் ஊரே ஒதுக்கிவைக்கும் காலத்தில், ஒரு பிராமண விதவை செய்தார் என்று சேர்த்துப் படித்தால்தான் இதன் கனம் தெரியும். விவேகானந்தருக்கே நம்ப முடியவில்லை. சென்னையில் இருந்த தன் சகோதரத் துறவி ராமகிருஷ்ணானந்தருக்கு, அம்மா அவர்களோடு சாப்பிட்டுவிட்டார் தெரியுமா என்று துள்ளலோடு எழுதினார். மார்கரெட் தன் டைரியில் அந்த நாளை நாட்களுக்கெல்லாம் நாள் என்று குறித்துவைத்தார். சாரதாதேவி அவரை அழைத்த பெயர் ‘குக்கி’. நம் வீடுகளில் ‘பாப்பா’ என்போமே, அது. முப்பது வயதுப் பாப்பா.

எட்டு நாள் கழித்து, மார்ச் 25-இல் விவேகானந்தர் அவருக்குப் பிரம்மசரிய தீட்சை கொடுத்து நிவேதிதா என்று பெயரிட்டார். அர்ப்பணிக்கப்பட்டவள் என்று பொருள். உலகம் நினைவில் வைத்திருப்பது இந்தப் பெயரைத்தான். என்னைக் கேட்டால், அவருக்குத் தெருவின் கதவைத் திறந்தது முந்தைய வாரம் கிடைத்த அந்தச் செல்லப்பெயர்.

முதல் வருடத்துச் சண்டை

புது ஊரில் முதல் வருடம் எப்படி இருக்கும் என்று வெளியூரில் வேலைபார்த்த எவரைக் கேட்டாலும் சொல்வார்கள். நிவேதிதாவுக்கும் அப்படித்தான். அந்தக் கோடையில் விவேகானந்தர் குழுவோடு அல்மோராவுக்குப் போனார். அங்கே குருவுக்கும் சிஷ்யைக்கும் தினமும் உரசல். அயர்லாந்துக்காரர் என்றாலும் இங்கிலாந்துக் கொடி மீதான பற்று அவருக்கு அப்போது ஆழமாக இருந்தது. விவேகானந்தர் அந்தப் பற்றையும், ஆங்கிலேயப் பார்வையில் எல்லாவற்றையும் அளக்கும் பழக்கத்தையும் ஈவிரக்கமில்லாமல் தாக்கினார். அன்பான நண்பரை எதிர்பார்த்து வந்தவருக்குக் கிடைத்தது பாராமுகம். எவ்வளவு வலித்தது என்பதைப் பின்னாளில் தன் புத்தகத்தில் அவரே மறைக்காமல் எழுதியிருக்கிறார்.

கூட வந்த மூத்த பெண்மணி ஒருவர் தலையிட்டபோது விவேகானந்தர் தன் தவற்றை ஒப்புக்கொண்டார். சில நாள் தனிமைக்குப் போய்வந்து சிஷ்யையை ஆசீர்வதித்தார். சமாதானம் ஆயிற்று. ஆனால் இந்தச் சண்டையில் நிவேதிதா ஒன்றைக் கற்றுக்கொண்டார்: கற்பிக்க வந்த ஊரில் முதலில் மாணவியாக உட்கார வேண்டும்.

பதினாறாம் எண் வீடு

வடகல்கத்தாவில் ஹூக்ளி நதியை ஒட்டியது பாக்பஜார். ஆளை ஆள் இடிக்கும் சந்துகள். வீட்டு முகப்பில் ‘ரோவாக்’ என்ற கட்டைத் திண்ணை. நம் ஊர்த் திண்ணையின் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள், வெட்டிப் பேச்சு உட்பட. நவீன் சந்திர தாஸ் ரசகுல்லா செய்து புகழ்பெற்றதும் இந்தப் பேட்டையில்தான். கல்கத்தாவில் ஆங்கிலேயர்கள் வாழ்ந்த சௌரங்கி, பார்க் ஸ்ட்ரீட் பக்கத்துக்கும் இதற்கும் சில மைல்தான் தூரம். ஆனால் அது வேறு உலகம், இது வேறு உலகம்.

வட இந்தியப் பயணம் முடிந்து நவம்பரில் திரும்பிய நிவேதிதா, ஆங்கிலேயர் பகுதியில் தங்க மறுத்தார். சில நாள் சாரதாதேவியின் வீட்டிலேயே தங்கிவிட்டு, அந்த வீடு இருந்த போஸ்பாரா சந்திலேயே 16-ஆம் எண் வீட்டை வாடகைக்கு எடுத்தார். 1898 நவம்பர் 13, காளி பூஜை நாள். சாரதாதேவி வந்து பூஜை செய்து பள்ளியைத் தொடங்கிவைத்தார்.

பள்ளி என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். முற்றம் வைத்த பழைய வீடு, தரையில் பாய், சில குழந்தைகள். பிள்ளை பிடிக்க அவரே வாசல் வாசலாக ஏறி இறங்கினார். பத்து, பதினொரு வயதில் பெண்ணுக்குக் கல்யாணம் ஆகிவிடும், நாலெழுத்து கற்பதற்குள் புகுந்தவீடு போய்விடுவாள். களிமண்ணில் உருவம் செய்வது, தையல், படம் வரைவது, கதை சொல்வது என்று விம்பிள்டனில் கற்றதையெல்லாம் பாக்பஜார் வீட்டுக்கு ஏற்ற மாதிரி மாற்றினார். பாடம் தாய்மொழியில்.

மாணவிகள் பின்னாளில் நினைவுகூர்ந்த ஒரு காட்சி இது. ஒருநாள் வகுப்பில் கோடு போடச் சொல்லிக்கொண்டிருந்தவர், ‘லைன்’ என்பதற்கு உங்கள் மொழியில் என்ன சொல் என்று கேட்டார். குழந்தைகள் விழித்தார்கள். ‘லைன்’தான் என்றார்கள். அவருக்குக் கோபம், வருத்தம். உங்கள் மொழிச் சொல்லைச் சொல்லுங்கள் என்று விடாமல் நின்றார். கடைசியில் ஒரு பெண் ‘ரேகா’ என்றாள். டீச்சருக்குத் தலைகால் புரியவில்லை. புதையல் கிடைத்தவர்போல ‘ரேகா, ரேகா’ என்று திரும்பத் திரும்பச் சொல்லி மகிழ்ந்தாராம். ‘லைன்ல வாங்க’ என்றும் ‘லைன் கட்டாயிடுச்சு’ என்றும் நாள் முழுக்கப் பேசுகிற நமக்கு இந்தக் கதை கொஞ்சம் உறைக்க வேண்டும்.

தாகூருக்கும் இந்த டீச்சரிடம் ஒரு பாடம் கிடைத்தது. தன் சின்ன மகளுக்கு ஆங்கிலம் சொல்லித்தர முடியுமா என்று அவர் கேட்டார். பெரிய இடம், பெரிய மனிதர், எளிய வேலை. நிவேதிதா மறுத்துவிட்டார். வெளியிலிருந்து ஒன்றைக் குழந்தைமேல் ஏற்றுவதற்கு நான் எதற்கு, உள்ளே இருப்பதை வெளிக்கொண்டுவருவதுதானே கல்வி என்பது அவர் வாதம். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட டீச்சர் அப்படிச் சொன்னார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

துடைப்பத்தை எடுத்தவர்

பள்ளி தொடங்கி ஐந்து மாதம்கூட ஆகவில்லை. 1899 மார்ச்சில் பிளேக் மறுபடி கல்கத்தாவைப் பிடித்தது. முந்தைய ஆண்டே பிளேக் பீதியில் ஊரை விட்டு ஓடிய கூட்டம் மறந்திருக்கவில்லை. ராமகிருஷ்ண மிஷன் நிவாரணக் குழு அமைத்தது. செயலாளர் நிவேதிதா, களப்பணிக்குத் தலைமை சுவாமி சதானந்தர். மார்ச் 31-இல் வேலை தொடங்கியது. குப்பை அள்ள ஆள் போதாதபோது நிவேதிதா தானே துடைப்பத்தோடு சந்தில் இறங்கினார். அதைப் பார்த்துக் கூசிப்போய்த்தான் தெருப் பையன்கள் கூட வந்து நின்றார்கள்.

அந்த நாட்களை டாக்டர் ராதா கோவிந்த கர் எழுதிவைத்திருக்கிறார். கல்கத்தாவின் ஆர்.ஜி. கர் மருத்துவக் கல்லூரி அவர் பெயரில் இருப்பதுதான். பங்குனி வெயிலில் நோயாளிகளைப் பார்த்துவிட்டு மதியம் வீடு திரும்புகிறார் டாக்டர். வாசலில் ஓர் ஐரோப்பியப் பெண் தூசி படிந்த நாற்காலியில் காத்திருக்கிறார். காலையில் டாக்டர் பார்த்த பாக்பஜார் சேரிக் குழந்தைக்கு என்ன ஏற்பாடு செய்யலாம் என்று கேட்கத்தான் வந்திருக்கிறார். நிலைமை மோசம், ஜாக்கிரதை என்று சொல்லி அனுப்புகிறார் டாக்டர். மாலையில் மறுபடி அந்தக் குடிசைக்குப் போனால், ஈரம் கசியும் அந்த இருட்டில், பிளேக் கண்ட குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் நிவேதிதா. இரவு பகலாக அங்கேயே இருந்தார். குடிசைக்குக் கிருமிநீக்கம் செய்ய வேண்டும் என்றபோது, சின்ன ஏணியைப் போட்டு ஏறிச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார். இரண்டு நாளில் குழந்தை அவர் மடியிலேயே உயிரை விட்டது.

அதற்குப் பிறகு அவரைத் தெருவில் யாரும் ‘வெள்ளைக்காரி’யாகப் பார்த்திருக்க முடியாது.

இரண்டே வாரத்தில் ஒரு ராஜினாமா

பள்ளியை நடத்தப் பணம் இல்லை. 1899-இல் பள்ளியை மூடிவிட்டு, நிதி திரட்ட விவேகானந்தரோடு கப்பலேறினார். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பேசினார், எழுதினார், கையேந்தினார். 1902 பிப்ரவரியில் சென்னை வழியாகத் திரும்பிவந்து, பள்ளியை மறுபடி திறந்தார். அடுத்த ஆண்டு டெட்ராய்ட் நகரத்து ஆசிரியையான சகோதரி கிறிஸ்டின் துணைக்கு வந்துசேர, கல்யாணமான பெண்களுக்கும் விதவைகளுக்கும் வகுப்புகள் விரிந்தன.

இடையில் அந்த இடி விழுந்தது. 1902 ஜூலை 4-இல் விவேகானந்தர் மறைந்தார். வயது 39.

யாரை நம்பிக் கடல் கடந்து வந்தாரோ அவர் இல்லை. பின்னால் ஒரு மடம் இருக்கிறது, மரியாதை இருக்கிறது. பேசாமல் அங்கேயே இருந்திருக்கலாம். ஆனால் நிவேதிதாவின் மனம் அதற்குள் இந்திய விடுதலை அரசியலில் ஊன்றிவிட்டது. மடத்தின் விதியோ அரசியல் கூடாது என்பது. இரண்டும் ஒரே கூரையில் நிற்காது. ஜூலை 18-இல் மடத்தின் தலைவர் பிரம்மானந்தருக்குக் கடிதம் எழுதித் தன் முறையான தொடர்பை விலக்கிக்கொண்டார். பத்திரிகைகளிலும் செய்தி வந்தது. தன் வேலைகளுக்குத் தானே பொறுப்பு, மடத்துக்குப் பங்கில்லை.

இதில் கோபதாபம் எதுவும் இல்லை. பேலூரில் இருந்த அந்த மடத்தோடு உறவு கடைசிவரை நீடித்தது. சாரதாதேவிக்கு அவர் குக்கியாகவே இருந்தார். கையெழுத்தில் ‘ராமகிருஷ்ண விவேகானந்தரின் நிவேதிதா’ என்றே போட்டுக்கொண்டார். பாசம் வேறு, பாதை வேறு என்று பிரித்துப் பார்க்கும் தெளிவு அந்த 34 வயதில் வந்திருந்தது. உன் காலில் நில் என்று எழுதியவருக்குச் செலுத்திய குருதட்சிணை என்றும் இதைச் சொல்லலாம்.

அடுத்த ஒன்பது ஆண்டுகளில் அவர் தொடாத துறை இல்லை. ஆங்கிலேய விஞ்ஞான வட்டாரத்தின் அலட்சியத்தோடு போராடிக்கொண்டிருந்த ஜகதீஷ் சந்திர போஸின் நூல்களைச் செம்மைப்படுத்தி எழுத உதவினார். அவனீந்திரநாத் தாகூரின் ‘பாரத மாதா’ ஓவியத்தைக் கொண்டாடி எழுதினார். நந்தலால் போஸ் என்ற இளைஞரை அஜந்தா ஓவியங்களைப் படியெடுக்க அனுப்பிவைத்ததில் அவருக்குப் பங்கு உண்டு. 1906-இல் கிழக்கு வங்காளம் வெள்ளத்திலும் பஞ்சத்திலும் தவித்தபோது, சேற்றிலும் தண்ணீரிலும் ஊர் ஊராகப் போய்ப் பார்த்து எழுதினார். எழுதிச் சம்பாதித்தது பள்ளிக்குப் போனது.

குறும்புக்கும் குறைவில்லை. 1905 பிப்ரவரியில் கல்கத்தாப் பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவில் வைஸ்ராய் கர்சன், உண்மையை உயர்வாக மதிப்பது மேற்கத்தியர் பண்பு என்ற தொனியில் பேசினார். கூட்டம் முடிந்ததும் நிவேதிதா தேடி எடுத்தது கர்சனே எழுதிய ஒரு பழைய பயண நூலை. கொரியாவில் ஓர் அதிகாரியிடம், 33 வயதான தான் 40 வயது என்று பொய் சொன்னதைக் கர்சன் அதில் பெருமையாக எழுதியிருந்தார். அமிர்த பஜார் பத்திரிகையில் உரையும் இந்தப் பகுதியும் வெளியாக, ஊர் சிரித்தது.

பெட்டிச் செய்தி: டம்டம்மில் ஒரு சந்திப்பு

பாரதியார் நிவேதிதாவைச் சந்தித்தது கல்கத்தாவை ஒட்டிய டம்டம்மில். 1905 காசி காங்கிரசுக்குப் போய்த் திரும்பும் வழியில் என்பாரும் உண்டு, 1906 கல்கத்தா காங்கிரசின்போது என்பாரும் உண்டு. பாரதிக்கு அப்போது இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயது. ‘மனைவியை ஏன் அழைத்துவரவில்லை?’ என்று நிவேதிதா கேட்டதாகவும், பொது இடங்களுக்குப் பெண்களை அழைத்துவரும் வழக்கம் எங்களிடம் இல்லை என்று பாரதி சொன்னதாகவும், பாதிப் பேரை அடிமையாக வைத்துக்கொண்டு எப்படி விடுதலை பெறுவீர்கள் என்று அவர் திருப்பிக் கேட்டதாகவும் பாரதியைச் சேர்ந்தவர்கள் சொல்லிவந்திருக்கிறார்கள். பேச்சு வார்த்தைக்கு வார்த்தை இப்படித்தான் நடந்ததா என்று சத்தியம் செய்ய முடியாது. விளைவுக்குச் சாட்சி அச்சில் இருக்கிறது. 1908-இல் வந்த ‘சுதேச கீதங்கள்’, 1909-இல் வந்த ‘ஜன்ம பூமி’ இரண்டையும் பாரதி சமர்ப்பித்தது நிவேதிதாவுக்கு. புதுமைப் பெண்ணைத் தமிழுக்குக் கொண்டுவந்தவனின் குரு, பாக்பஜார் பள்ளிக்கூட டீச்சர்.

குறை சொல்லவே கூடாதா?

சொல்லலாம். இந்தியக் குடும்பத்தையும் இந்துப் பெண்ணின் வாழ்வையும் பற்றி 1904-இல் அவர் எழுதிய ‘இந்திய வாழ்வின் வலை’ என்ற ஆங்கில நூல் எல்லாவற்றுக்கும் பொன்முலாம் பூசுகிறது என்று அன்றே விமர்சனம் வந்தது. அது முழுக்கத் தவறில்லை. விதவைக் கோலத்தில் இருந்த தவம் அவர் கண்ணில் பட்ட அளவுக்கு அதன் கொடுமை பட்டதாகத் தெரியவில்லை. சாதியைப் பற்றி அவர் எழுதியதை இன்றைய தமிழ் வாசகர் ஏற்பது கடினம். புதிதாக ஒரு வீட்டுக்குள் வந்தவர், வீட்டாரை விட அதிகமாக வீட்டைப் புகழும் பழக்கம் அது. தாகூரும் அவர்மேல் பெருமதிப்பு வைத்திருந்தும், அவருடைய வேகமும் பிடிவாதமும் தனக்கு ஒத்துவரவில்லை என்பதை மறைக்கவில்லை. அதே தாகூர்தான் ‘லோகமாதா’ என்றும் எழுதினார்.

ஆனால் ஏட்டில் சாதியை நியாயப்படுத்திய அதே கைதான் சேரிக் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டது. நூலை வைத்து எடைபோடுவதா, மடியை வைத்து எடைபோடுவதா? என் ஓட்டு மடிக்கு.

டார்ஜிலிங்கில் முடிந்த பயணம்

கல்கத்தா வெயிலும் கைவிசிறி வாழ்க்கையும் ஓயாத வேலையும் உடம்பை அரித்துவிட்டன. 1911 இலையுதிர்காலத்தில் ஓய்வுக்காக ஜகதீஷ் சந்திர போஸ் தம்பதியோடு டார்ஜிலிங் போனார். அங்கே ராய் வில்லா என்ற வீட்டில் அக்டோபர் 13-இல் காலமானார். 44 நிறைய இரண்டு வாரம் இருந்தது. சாவதற்குச் சில நாள் முன் உயில் எழுதினார். கையிருப்பு, புத்தகங்களின் வருமானம் எல்லாம் பேலூர் மடத்து அறங்காவலர்கள் வழியாக இந்தியப் பெண்களின் கல்விக்கு. ஒன்பது வருடம் முன்பு விலகிவந்த இடத்தின் மேல் அவர் வைத்திருந்த நம்பிக்கைக்கும் அந்த உயில் சாட்சி.

பாக்பஜாரில் இன்று நிவேதிதா பெயரில் ஒரு சந்து இருக்கிறது. அவர் தொடங்கிய பள்ளி அங்கே ராமகிருஷ்ண சாரதா மிஷனின் பொறுப்பில் நடக்கிறது. 2007-இல் ஹூக்ளியின் குறுக்கே திறந்த பாலத்துக்கு நிவேதிதா சேது என்று பெயர். போஸ் ஆய்வு நிலையத்தில் விளக்கேந்திய பெண்ணின் சிற்பம் அவர் நினைவாக நிற்கிறது. போஸ்பாரா சந்தின் அந்தப் பதினாறாம் எண் வீடு அருங்காட்சியகம் ஆகிவிட்டது. கொல்கத்தாவுக்குப் போகும் தமிழர்கள் தெற்கே லேக் மார்க்கெட்டில் ஃபில்டர் காபியும் மல்லிகைச் சரமும் கிடைப்பதைக் கண்டு மகிழ்வதோடு நிறுத்தாமல், ஒரு மணி நேரம் வடக்கேயும் போய்வரலாம்.

வாசகருக்கு

நிவேதிதாவின் துணிச்சலைப் பற்றி எவ்வளவோ எழுதிவிட்டோம். துணிச்சல் மட்டும் அவரைக் காப்பாற்றியிருக்காது. ஆங்கிலம் அறியாத ஒரு கிராமத்து விதவை அந்த மார்ச் மாதத்து நாளில் இலையை நகர்த்திப்போட்டு இடம் கொடுக்காமல் இருந்திருந்தால், அவர் ஒரு மேடைப் பேச்சாளராக இருந்துவிட்டுக் கப்பலேறியிருப்பார். வெளியூருக்கு வேலைக்கு வருபவள் தன் வழியைக் கண்டுபிடிக்கிறாள் என்கிறோம். அந்த வழியின் முதல் அடியைப் போட்டுக் கொடுப்பவர் உள்ளூர்க்காரர்.

டப்ளினுக்குப் போகும் நம் வீட்டுப் பெண்ணுக்கு அங்கே அப்படி ஒரு சாரதாதேவி கிடைக்க வேண்டும் என்று எல்லோரும் வேண்டிக்கொள்கிறோம். திருப்பூர் பனியன் கம்பெனி விடுதியிலும் கோவை நூற்பாலையிலும் ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்த இருபது வயதுப் பெண்கள் இருக்கிறார்கள். நாம் அவர்களுக்கு வைத்திருக்கும் ஒரே பெயர் ‘வடநாட்டுப் பொண்ணு’.

அடுத்த முறை கடையில் உங்கள் பக்கத்தில் அப்படி ஒருத்தி நின்றால், அவள் சொந்தப் பெயரைக் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.